அப்பாவுக்கு மூன்று சக்கர சைக்கிள்: எதைப் பார்த்து வாங்குவது?

குளுகோர்_மகள் | சனி, காலை 8.40

எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்கு வயது 73. துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நாற்பது வருடம் சைக்கிளிலேயே போய் வந்தவர். வீட்டில் காடி (கார்) வந்த பிறகும் பாசாருக்குச் சைக்கிளைத்தான் எடுப்பார். போன வருடம் லேசான பக்கவாதம் வந்தது. இடது கையும் காலும் முக்கால்வாசி திரும்பிவிட்டன. கைத்தடியோடு வீட்டைச் சுற்றி நடக்கிறார். பாசார் வரை நடக்க முடியவில்லை. வலது முட்டியில் தேய்மானம் வேறு.

ஒரு நாள் யாரிடமும் சொல்லாமல் பழைய சைக்கிளை எடுத்துப் பார்த்திருக்கிறார். கேட்டைத் தாண்டுவதற்குள் சாய்ந்துவிட்டார். நல்லவேளை, அடி ஒன்றும் இல்லை. ஆனால் அன்றிலிருந்து வாசலில் நாற்காலி போட்டுச் சடக்கையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மூன்று சக்கர சைக்கிள் வாங்கலாம் என்று இருக்கிறேன். இணையக் கடைகளில் பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலவே தெரிகிறது. 20 அங்குலம், 24 அங்குலம், கியர் உள்ளது, இல்லாதது, மின்சாரத்தில் ஓடுவது. தம்பி மின்வண்டியே வாங்கு என்கிறான். மிதிக்கலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். எங்கள் தாமானுக்குள் (குடியிருப்புக்குள்) மட்டும்தான், பெரிய சடக்குக்கு விடமாட்டேன். எதைப் பார்த்து வாங்கணும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜெலுத்தோங்_வாசி | சனி, காலை 9.05

24 அங்குலம், கூடை வைத்தது. எங்கள் மாமாவுக்கு அதைத்தான் வாங்கினோம், மூன்று வருடமாக ஓடுகிறது. மூன்று சக்கரம் இருப்பதால் விழ வாய்ப்பே இல்லை, பயப்படாதீர்கள்.

பழைய_சைக்கிள்கடை | சனி, காலை 10.30

ஜெலுத்தோங் தம்பி, கோபப்படாதீங்க. "விழ வாய்ப்பே இல்லை" என்ற பேச்சை நம்பித்தான் நிறையப் பேர் விழுகிறார்கள். முப்பது வருடம் கடை வைத்திருந்தவன் சொல்கிறேன்.

நின்றுகொண்டிருக்கும்போது மூன்று சக்கரம் விழாது, அது உண்மை. திருப்பத்தில் விழும். மூன்று சக்கரமும் தரையைத் தொடும் இடங்களைக் கோடு போட்டு இணைத்துப் பாருங்கள், ஒரு முக்கோணம் வரும். ஓட்டுகிறவரின் எடை அந்த முக்கோணத்துக்குள் இருக்கும்வரை வண்டி நிற்கும். சாதாரண வண்டியில் பின்னால் இரண்டு சக்கரம், முன்னால் ஒன்று. வேகமாக வந்து திருப்பிக்கொண்டே பிரேக் பிடித்தால் எடை முன்பக்கமும் வெளிப்பக்கமும் சேர்ந்து நகரும். முக்கோணம் குறுகலாக இருப்பது அங்கேதான். உள்பக்கத்துப் பின்சக்கரம் தூக்கும், அவ்வளவுதான்.

நம் பினாங்கு ஜார்ஜ்டவுன் ரிக்‌ஷாவைப் பாருங்கள், இரண்டு சக்கரம் முன்னால். பயணி முன்னால் உட்கார்ந்திருப்பார், எடை இரண்டு சக்கரத்துக்கும் நடுவில். அதனால்தான் பிரேக் பிடிக்கும்போதும் அது அடங்கி நிற்கிறது.

தங்கச்சி, உங்கள் அப்பா விஷயத்தில் இன்னொன்று. சைக்கிளே ஓட்டத் தெரியாதவரைவிட, நாற்பது வருடம் ஓட்டியவருக்குத்தான் மூன்று சக்கரம் கஷ்டம். இரண்டு சக்கரத்தில் நாம் ஹேண்டிலைத் திருப்புவது கொஞ்சம்தான். உடம்பைச் சாய்த்துத்தான் வளைகிறோம். மூன்று சக்கர வண்டி சாயாது. சாய்ந்தால் திரும்பும் என்று உடம்பு நம்பிக்கொண்டிருக்கும், வண்டி நேராகவே போகும். அவர் பதறுவார், பிரேக் பிடிப்பார். நான் பார்த்த முக்கால்வாசி விழுதல் இப்படித்தான். அதனால் வண்டியை வாங்குவதற்கு முன்னாலேயே அப்பாவிடம் சொல்லி வையுங்கள்: இது சைக்கிள் இல்லை, புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டிய வேறு வண்டி. கையால் திருப்பணும், திருப்பத்துக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைக்கணும்.

கடைக்குப் போனால் முதலில் பின்பக்கத்தைத் தூக்கி, பெடலைக் கையால் சுற்றுங்கள். விலை குறைந்த வண்டிகளில் ஒரு பின்சக்கரம் மட்டும்தான் இழுக்கும், மற்றது சும்மா வரும். வலது சக்கரம் மட்டும் தள்ளினால் வண்டி இடப்பக்கம் ஒதுங்கப் பார்க்கும். நம் சடக்கே ஓரத்து லொங்காங் (சாக்கடை) பக்கம் சரிந்துதான் இருக்கிறது, அதுவும் இடப்பக்கம் இழுக்கும். உங்கள் அப்பாவுக்கு இடது கைதான் பலவீனம். மூன்றும் ஒரே பக்கம் சேரக் கூடாது. டிஃபரன்ஷியல் என்ற பல்சக்கர அமைப்பு உள்ள வண்டி என்றால் இரண்டு பின்சக்கரமும் தள்ளும், நேராகப் போகும். 1877-இல் ஜேம்ஸ் ஸ்டார்லி என்ற ஆங்கிலேயர் மூன்று சக்கர சைக்கிளில் வைத்தது அது, இன்றைக்குக் காடிகளில் எல்லாம் இருக்கிறது. விலை கூடும். கொடுங்கள்.

அப்புறம் நிறுத்திவைக்கும் பிரேக். இது இல்லாத வண்டியைத் தொடவே வேண்டாம். ஏறும்போதும் இறங்கும்போதும் வண்டி அரை அடி உருண்டால் போதும், கைத்தடிக்காரர் கீழே.

குளுகோர்_மகள் | சனி, மதியம் 1.15

அண்ணே, மிக்க நன்றி. சாய்கிற விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. யோசித்தால் அவர் வாசலில் விழுந்ததும் இடப்பக்கம்தான்.

பிறை_பிசியோ | சனி, இரவு 9.50

வணக்கம் அக்கா. பக்கவாதத்திலிருந்து மீள்கிறவர்களோடு வேலை செய்கிறேன். வண்டியைப் பற்றி மேலே அண்ணன் சொன்னது அத்தனையும் சரி. நான் அப்பாவைப் பற்றி ஒன்று கேட்க வேண்டும்.

இடது கை கால் பலவீனம் என்றால் பாதிப்பு மூளையின் வலப்பக்கத்தில். அந்தப் பக்கம் பாதிக்கப்பட்ட சிலருக்குக் கண் நன்றாக இருந்தும் இடப்பக்கம் இருப்பது மனதில் பதியாது. அவர்களே அதை உணரமாட்டார்கள், கேட்டால் எல்லாம் தெரிகிறது என்றுதான் சொல்வார்கள். கை கால் தேறிய பிறகும் இது கொஞ்சம் மிச்சம் இருக்கலாம். மலேசியாவில் நாம் இடப்பக்கமாக ஓட்டுகிறோம். லொங்காங் இடப்பக்கம், நிறுத்திவைத்த காடிகள் இடப்பக்கம், கதவைத் திறக்கிறவர்கள் இடப்பக்கம். யோசித்துப் பாருங்கள்.

வீட்டிலேயே ஒன்று கவனிக்கலாம். வாழையிலையில் சாப்பாடு போடுங்கள், ஒன்றும் சொல்லாதீர்கள். உப்பு, ஊறுகாய், அப்பளம் எல்லாம் இலையின் இடது ஓரம்தானே வைப்போம்? அதைத் தொடுகிறாரா, இல்லை இலையின் இடது பாதி அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள். சவரம் செய்யும்போது இடது கன்னத்தில் மயிர் மிஞ்சுகிறதா? கதவில் இடது தோள் இடிக்கிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் வண்டி வாங்குவதைத் தள்ளிவைத்து, அவரைப் பார்க்கும் மருத்துவரிடம் சொல்லிப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். ஒன்றும் தெரியாவிட்டாலும் அடுத்த முறை போகும்போது இதைக் கேட்டுவிடுங்கள், இலை மட்டும் போதாது.

பரிசோதனையில் சரி என்று வந்தால், பிரேக். இரண்டு பிரேக்கையும் ஒரே பிடியில் இழுக்கிற மாதிரி பிடி கிடைக்கும். ஒரு பிடி, இரண்டு கேபிள். அதை வலது கையில் போடச் சொல்லுங்கள், கியர் இருந்தால் அதையும் வலது பக்கமே. இடது கை ஹேண்டிலைப் பிடித்திருந்தால் போதும். பின்னால் மிதித்தால் பிரேக் பிடிக்கும் வண்டி வேண்டாம். நின்ற இடத்தில் பெடலைப் பின்னால் சுற்றிக் காலுக்கு வாகாகக் கொண்டுவர அதில் முடியாது, பலவீனமான காலுக்கு அது அவசியம்.

இடது பாதம் பெடலிலிருந்து வழுக்கும். குதிகாலைத் தாங்கும் தட்டும் ஒரு பட்டையும் வைத்த பெடல் போடலாம். செருப்போடு ஏற வேண்டாம், பின்பக்கம் மூடிய காலணி.

செந்தூல்_மணி | ஞாயிறு, காலை 7.20

இலை விஷயத்தைப் படித்துவிட்டு ஐந்து நிமிடம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் அப்பாவும் இதே மாதிரிதான். நாங்கள் இருப்பது கே.எல். இரண்டு வருடத்துக்கு முன்னால் வாங்கிக் கொடுத்தோம். நான்காவது நாள் வீட்டுக்கு எதிரேயே லொங்காங்கில் பின்சக்கரம் இறங்கிவிட்டது. மூன்று சக்கரத்தில் இதையும் தெரிந்துகொள்ளுங்கள்: ஓட்டுகிறவர் பார்ப்பது முன்சக்கரத்தை. அது லொங்காங் ஓரத்திலிருந்து ஒரு சாண் தள்ளிப் போகும். பின்னால் இடது சக்கரம் அதைவிட ஒன்றரைச் சாண் வெளியே வருகிறது, அது அவர் கண்ணில் படுவதே இல்லை. அப்பாவுக்கு முழங்கையில் தையல். கவனக்குறைவு என்று நான் அவரைத் திட்டினேன். இப்போது நினைத்தால், அவர் தட்டில் இடது பக்கக் கறியை எப்போதும் மிச்சம் வைப்பார். பிடிக்கவில்லை என்றே நினைத்தோம்.

அதற்குப் பிறகு வீட்டுப் பக்கம் ஓட்ட விடவில்லை. வண்டியை வேனில் ஏற்றி வாரம் ஒருமுறை தித்திவங்சா ஏரிப் பூங்காவுக்குக் கொண்டுபோகிறோம். நான் இடப்பக்கம் நடந்து வருவேன், அவர் மிதிப்பார். அதுவே போதும் என்கிறார். மருத்துவரிடம் இதைக் கேட்கப் போகிறேன். நன்றி பிசியோ.

மின்_அண்ணன் | ஞாயிறு, காலை 11.40

எல்லாரும் பயமுறுத்துகிறீர்கள். முட்டித் தேய்மானம் உள்ளவரை மிதிக்க வைப்பது எதற்கு? கைப்பிடியைத் திருகினால் ஓடுகிற மூன்று சக்கர மின்வண்டி வாங்கிக் கொடுங்கள், லைசென்ஸ் தேவையில்லை என்று விற்கிறார்கள். எங்கள் தாமானில் நான்கு பேர் வைத்திருக்கிறார்கள்.

பழைய_சைக்கிள்கடை | ஞாயிறு, மதியம் 12.25

விற்கிறவர் அப்படித்தான் சொல்வார். 2022 ஏப்ரலில் போக்குவரத்து அமைச்சு அறிவித்தது நினைவிருக்கிறதா? மின்ஸ்கூட்டர் மாதிரியான சிறு மின்வண்டிகளைச் சாலையில் ஓட்டத் தடை. வாங்குகிறவர் முதலில் ஜேபிஜேயிடம் (சாலைப் போக்குவரத்து இலாகாவிடம்) கேட்டுவிட்டு வாங்கட்டும். மிதிக்கும்போது மட்டும் மோட்டார் கைகொடுக்கும் சைக்கிள் வேறு வகை, இரண்டையும் குழப்பக் கூடாது.

சட்டத்தை விடுங்கள். திருப்பத்தில் எடை வெளியே போகும் என்று சொன்னேனே, கைப்பிடியைத் திருகி வேகம் எடுப்பவருக்கு அது இரண்டு மடங்கு ஆபத்து. முன்சக்கரத்தில் மோட்டார் வைத்த மூன்று சக்கர வண்டி ஒன்றை ஓட்டிப் பார்த்தேன். கிளம்பும்போது ஒரு வெட்டு வெட்டியது, எனக்கே கை நடுங்கிப்போனது.

பிறை_பிசியோ | ஞாயிறு, மாலை 6.10

முட்டிக்கு மிதிப்பது கெடுதல் இல்லை அண்ணே. உடம்பு எடையைச் சீட் தாங்குகிறது, முட்டி மடங்கி நீள்கிறது, அவ்வளவுதான். முட்டி மாற்று அறுவை முடிந்தவர்களையும் நின்ற இடத்துச் சைக்கிளில் மிதிக்க வைக்கிறோம். வலி வருவது பெரும்பாலும் சீட் தாழ்வாக இருப்பதால். இரண்டு சக்கரத்தில் வயதானவர்கள் விழுவதற்குப் பயந்து சீட்டை இறக்கிவைப்பார்கள், முட்டி நெஞ்சுக்கு வரும். மூன்று சக்கரத்தில் நிற்கும்போது கால் ஊன்ற வேண்டியதில்லை. ஏறி இறங்க முடிகிற அளவுக்குச் சீட்டை உயர்த்தலாம். அப்பவும் மடக்க வலித்தால் பெடல் தண்டைக் குட்டையாக மாற்றுங்கள். வழக்கமாக 170 மில்லிமீட்டர் இருக்கும். 150 போட்டால் முட்டி மடங்குவது நன்றாகவே குறையும்.

ஏறும் முறையை மட்டும் எழுத்தில் சொல்லமாட்டேன். நல்ல காலைத் தூக்கினால் பலவீனமான காலில் நிற்கணும். பலவீனமான காலைத் தூக்கினால் அது சட்டத்தில் தட்டும். பக்கவாட்டில் சீட்டில் உட்கார்ந்து, அப்புறம் காலைக் கையால் எடுத்து வைப்பது சிலருக்குச் சரிப்படும். அப்பாவைப் பார்க்கும் பிசியோ முன்னிலையில் ஒருமுறை செய்து பாருங்கள். எதுவானாலும் சட்டத்தின் நடுப்பகுதி எவ்வளவு தாழ்வோ அவ்வளவு நல்லது.

தண்ணீர்மலை_பக்தை | ஞாயிறு, இரவு 8.45

படுத்தவாக்கில் மிதிக்கிற தாழ்ந்த மூன்று சக்கர வண்டி இருக்கிறதே, அது கவிழவே கவிழாது என்கிறார்களே?

பழைய_சைக்கிள்கடை | ஞாயிறு, இரவு 9.15

கவிழ்வது அரிதுதான். ஆனால் அதில் உட்கார்வது தரையில் பாய் போட்டு உட்கார்வது மாதிரி. தேய்ந்த முட்டியோடு யார் எழுப்புவது? லோரிக்காரர் கண்ணிலும் படாது. நாற்காலி உயரத்தில் சாய்மானம் வைத்த இடைப்பட்ட வகை இருக்கிறது. முதுகு வலிக்காரருக்கு அது நல்லது, கிடைத்தால் பாருங்கள்.

பாயான்_பாரு_தேவி | திங்கள், காலை 6.55

கேள்விக்குப் பதில் இல்லை, இருந்தாலும் சொல்லத் தோன்றுகிறது. என் அம்மாவுக்குப் பார்க்கின்சன். நடக்கும்போது கால் தரையில் ஒட்டிக்கொண்ட மாதிரி நின்றுவிடும். 2010-இல் நெதர்லாந்து மருத்துவர்கள் ஒருவரைப் பற்றி எழுதியிருந்தார்கள்: நாலு அடி நடக்க முடியாதவர், சைக்கிளில் ஏற்றிவிட்டால் சுற்றி வருகிறார். நம்பாமல்தான் வாங்கினோம். அம்மாவும் அப்படித்தான், மிதிக்க ஆரம்பித்தால் கால் நிற்பதில்லை. குயீன்ஸ்பே கடலோரப் பாதையில் காலையில் கூட்டிப்போகிறேன். இறங்கும்போதுதான் சிரமம், அதற்கு ஆள் வேண்டும். ஆனால் அந்த இருபது நிமிடம் அவர் முகத்தைப் பார்க்கணும். அப்பாவுக்குக் கட்டாயம் வாங்கிக் கொடுங்கள் அக்கா.

குளுகோர்_மகள் | புதன், இரவு 10.20

நேற்று செவ்வாய்க்கிழமை இலை போட்டேன். உப்பை நானே வழக்கத்தைவிட ஓரமாக வைத்தேன். அப்பா முதலில் அப்பளத்தை எடுத்தார், அப்புறம் ஊறுகாய். கடைசியில் இலை முழுக்க வழித்து மடித்தார். நான் அடுக்களைக்குள் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். இருந்தாலும் மருத்துவரிடம் கேட்டுவிடலாம் என்று இன்று காலை மறுபரிசோதனைக்குப் போனபோது சொன்னேன். பார்வையையும் இடப்பக்கக் கவனத்தையும் சோதித்துவிட்டுச் சரி என்றார்கள்.

மாலையில் கடைக்குக் கூட்டிப்போனோம். வாசலில் வரிசையாக நின்ற வண்டிகளைப் பார்த்ததும் அப்பா, "இது பிள்ளைங்க வண்டி, எனக்கு வேண்டாம்" என்று திரும்பிவிட்டார். கடைக்காரப் பெரியவர் ஒன்றும் பேசாமல் ஒரு வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கி, பெடலைச் சுற்றிக் காட்டினார். இரண்டு சக்கரமும் சுற்றின. அப்பா கிட்டே போனார். அச்சைத் தொட்டுப் பார்த்தார், சங்கிலியை விரலால் அமுக்கிப் பார்த்தார். "இதைப் பிரித்தால் உள்ளே எத்தனை பல் இருக்கும்?" என்று கேட்டார். அதற்குப் பிறகு இருவரும் அரைமணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள், என்னை யாரும் கவனிக்கவில்லை.

ஒரு சிக்கல். எங்கள் சின்ன கேட் 74 சென்டிமீட்டர், அந்த வண்டி 78.

ஜெலுத்தோங்_வாசி | புதன், இரவு 10.40

பெரிய கேட்டைத் திறந்து வைக்கலாமே? அடுக்குமாடியில் இருக்கிறவர்கள் லிஃப்ட் கதவையும் அளந்துவிட்டு வாங்குங்கள், எங்கள் மாமா வீட்டில் கீழேதான் பூட்டி வைக்கிறோம். முதலில் அவசரமாக எழுதிவிட்டேன் அக்கா, மன்னிக்கணும். அவரும் ஒருமுறை திருப்பத்தில் சாய்ந்தார், நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பழைய_சைக்கிள்கடை | வியாழன், காலை 7.30

பெரிய கேட்டின் அடித்தாழ்ப்பாளைக் கழற்றிச் சக்கரம் வைக்கச் சொல்லுங்கள், ஒரு கையால் தள்ளித் திறக்கலாம். வண்டி வந்ததும் முதல் வாரம் சடக்குப் பக்கமே வேண்டாம். பூப்பந்துத் திடலில் கோட்டுமேல் ஓட்டச் சொல்லுங்கள். முன்சக்கரத்துக்கு இல்லை, இடது பின்சக்கரத்துக்குக் கோடு. அது கோட்டைத் தொடாமல் வரும்வரை வெளியே விடாதீர்கள். வேகத்தடையை நேராக ஏறணும், சாய்வாக ஏறினால் ஒரு சக்கரம் மட்டும் தூக்கும். பாசார் சாமான் எல்லாம் பின்கூடையில், அடியில். ஹேண்டிலில் பை மாட்டவே கூடாது.

குளுகோர்_மகள் | மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, காலை 11.30

வாங்கிவிட்டோம். 24 அங்குலம், டிஃபரன்ஷியல், உள்ளே அடங்கிய 3 கியர்; நின்ற இடத்திலேயே மாற்ற முடிகிறது. ஒற்றைப் பிடி பிரேக்கை வலது கைக்கு மாற்ற இரண்டு நாள் எடுத்துக்கொண்டார் கடைக்காரர். ஆயிரம் வெள்ளி என்று நினைத்துப் போனது, எல்லாம் சேர்த்து இரண்டாயிரத்தை நெருங்கியது. தம்பி பாதி கொடுத்தான்.

முதல் நாள் பூப்பந்துத் திடலில் நீங்கள் சொன்னது அப்படியே நடந்தது அண்ணே. உடம்பை வலப்பக்கம் சாய்க்கிறார், வண்டி நேராக வேலியை நோக்கிப் போகிறது. இரண்டு முறை. மூன்றாம் முறை நிறுத்தி, ஹேண்டிலைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். அப்புறம் முதுகை நிமிர்த்தி, கையை மட்டும் திருப்பினார். வண்டி வளைந்தது. ஒன்பது நாள் அங்கேயே ஓட்டினார். இடது பின்சக்கரம் கோட்டைத் தொட்டதா என்று ஒவ்வொரு சுற்றுக்கும் என்னைக் கேட்பார்.

கைத்தடி வைக்க, பின்கூடை ஓரத்தில் தண்ணீர்க் குழாயில் ஒரு துண்டு வெட்டிக் கட்டியிருக்கிறார். அவரே செய்தார், இடது கையால் குழாயைப் பிடித்துக்கொண்டு.

இன்றைக்குப் பாசாருக்குப் போனோம். நான் பின்னாலேயே நடந்தேன். மீன்காரர் எழுந்து வந்து, "எங்கே போனீங்க இவ்வளவு நாளா?" என்று கேட்டார். அப்பா கங்கோங் கீரை இரண்டு கட்டும் கெம்போங் மீன் அரைக் கிலோவும் வாங்கினார். திரும்பும்போது, நாளைக்கு நீ வரவேண்டாம், பாசாரிலிருந்து கூப்பிடுகிறேன் என்றார். நான் இன்னும் பதில் சொல்லவில்லை. எத்தனை நாள் கூடப் போகலாம்? பிசியோ, நீங்கள் சொல்லுங்கள்.

பிறை_பிசியோ | ஞாயிறு, மதியம் 12.05

இன்னும் இரண்டு வாரம் பின்னால் போங்கள் அக்கா, ஆனால் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் தள்ளி. அவர் திரும்பிப் பார்க்கும்போது நீங்கள் தெரியணும். மழை பெய்த அன்றைக்கு மட்டும் கட்டாயம் கூட இருங்கள். ஈரத்தில் பின்பிரேக் எவ்வளவு பிடிக்கிறது என்று அவருக்கு இன்னும் பழகியிருக்காது.